மருத்துவத்துக்குத் தமிழ் தேடிய டொக்டர் கிறீன்

மானிப்பாயில் உள்ள கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானோருக்குத் தெரிந்த இடம். அந்தக் கிறீன் யார் என்று கேட்டால் மூத்தவர்கள் அமெரிக்க மிஷன் டொக்டர் என்பார்கள். கொஞ்சம் வாசித்தவர்கள், தமிழில் மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தவர் என்று ஒரு வரி சேர்ப்பார்கள். இளையவர்கள் பலருக்கு அது ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு வேலை இருந்தது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். 19ஆம் நூற்றாண்டில் அந்த மனிதர் எதிர்கொண்ட சிக்கல் இன்னும் தீரவில்லை. போர்க் காயங்களோடு கிளினிக்குகளுக்கு அலைகிற எங்கள் சனங்களின் கொப்பிகளில் அது அப்படியே கிடக்கிறது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 ஒக்ரோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். ‘கிறீன் ஹில்’ என்பது குடும்பத்தின் பரம்பரைப் பண்ணை. 11 பிள்ளைகள் கொண்ட வீடு. அவருக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க்கின் சென்ரல் பார்க் உருவாவதற்கும், பிற்காலத்தில் சுற்றியிருந்த நகரங்கள் இணைந்து இன்றைய பெருநகரமாவதற்கும் காரணமாக இருந்தவர். தம்பி அதே நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். இரண்டு வருடம் கழித்துக் கப்பலேறிவிட்டார்.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். மருத்துவர்களையும் அது அனுப்பிக்கொண்டே இருந்தது. பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் வைத்தியம் பார்த்தார்; அவர் சென்னைக்குப் போன பிறகு வட்டுக்கோட்டையில் நேதன் வார்ட் இருந்தார். வார்ட்டின் இடத்துக்குத்தான் கிறீன் வந்தார். 1847 ஒக்ரோபரில் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 25. முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருடமே மானிப்பாய். அங்கே மருந்தகம் ஒன்றைத் திறந்து, கூடவே சில மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார். இலங்கையில் மேலைத்தேய மருத்துவக் கல்வி ஒழுங்காகத் தொடங்கிய இடம் இதுதான் என்பார்கள். கொழும்பு மருத்துவக் கல்லூரி வருவதற்கு இன்னும் 22 வருடங்கள் இருந்தன.

மானிப்பாய்க்கு முன்பே வேறு ஒரு பெருமையும் உண்டு. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் சொல்லப்படும் தமிழ் அகராதி 1842இல் அங்கே மிஷன் அச்சகத்தில்தான் அச்சானது. 58,000க்கும் அதிகமான சொற்கள். கிறீன் வந்து இறங்கியது, சொற்களைத் தேடித் தொகுத்து அச்சுக்கோர்த்துப் பழகிய ஊரில். இதைத் தற்செயல் என்று சொல்லலாம். ஆனால் பக்கத்தில் அப்படியொரு அகராதியும், அதைத் தொகுக்கத் தெரிந்த பண்டிதர்களும், அச்சுக்கூடமும் இல்லாவிட்டால் கிறீனால் இந்த வேலையைத் தொடங்கியிருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

முதல் மாணவர்கள் ஆங்கிலத்தில்தான் படித்தார்கள். வட்டுக்கோட்டை செமினறியில் ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்று வந்தவர்கள் என்பதால் அது சிரமமாக இருக்கவில்லை. சிக்கல் படித்து முடித்த பிறகுதான் வந்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் படித்த ஒருவருக்கு அரசாங்கத்தில் சம்பளம் காத்திருந்தது. அவர் ஏன் அளவெட்டியிலோ சாவகச்சேரியிலோ குந்தியிருந்து கிராமத்தவருக்கு மருந்து கட்டப்போகிறார்? இது மருத்துவத்துக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. 1855இல் மிஷனின் தலைமையகத்திலிருந்து ரூபஸ் அன்டர்சன் வந்து பார்த்துவிட்டு, செமினறி ஆங்கில உத்தியோகத்துக்கு ஆள் தயாரிக்கும் இடமாகிவிட்டது என்ற முடிவோடு போனார். 1823இல் தொடங்கிய செமினறி அந்த வருடமே மூடப்பட்டது.

கிறீனுக்கு இந்த யோசனை அதற்கு முன்பே வந்துவிட்டது. வந்து ஐந்து வருடத்துக்குள், 1852இல், கல்வின் கட்டர் என்ற அமெரிக்கர் பள்ளிப்பிள்ளைகளுக்காக எழுதிய உடல் பற்றிய நூலைத் தமிழாக்கி வெளியிட்டார். அதன் பெயர் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். இன்றைய வாசகருக்கு ஆங்கிலத் தலைப்பே லேசாக இருக்கும் போலிருக்கும்.

ஆனால் அந்தத் தலைப்பைப் பிரித்துப் பார்த்தால் மனிதர் என்ன செய்ய முயன்றார் என்பது தெரியும். மூல நூலின் தலைப்பில் மூன்று சொற்கள்: அனற்றமி, பிசியோலொஜி, ஹைஜீன். மூன்றும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஆங்கிலேயரின் வீட்டுமொழியில் பிறந்தவை அல்ல. அவர்களுக்கும் அவை அருஞ்சொற்கள்தான். அனற்றமி என்றால் வெட்டிப் பிரிப்பது. பிசியோலொஜி என்றால் இயற்கை பற்றிய பேச்சு. ஹைஜீன், ஹைஜியா என்ற கிரேக்கத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. இந்த மூலப் பொருளை அப்படியே தமிழில் கொண்டுவந்தால் உதவாது. கிறீனும் அவருடைய ஆட்களும் சொல்லின் வேரைப் பார்க்காமல், அந்தச் சொல் செய்கிற வேலையைப் பார்த்தார்கள். உடம்பின் பகுதிகளைத் தொடக்கம் முதல் ஒவ்வொன்றாகச் சொல்வது அங்காதிபாதம். பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று உடலை அடிமுதல் முடிவரை பாடிப் பழகிய தமிழ் வாசகரின் காதுக்கு அது அந்நியமாக ஒலித்திருக்காது. கரணம் என்பது கருவி, செயல். உடம்பு நல்லபடி இயங்கும் விதத்தைச் சொல்வது சுகரணம். பாலனம் என்பது பேணுவது. உடலைப் பேணும் முறை உற்பாலனம். சமஸ்கிருத வாடை தூக்கலாக இருக்கிறது, உண்மை. ஆனால் அன்றைய யாழ்ப்பாணத்துப் பரிகாரிமாரின் ஏட்டுத் தமிழும் அப்படித்தான் இருந்தது.

சொல் தேடுவதற்கு அவர்கள் ஒரு வரிசை வைத்திருந்தார்கள். முதலில் தமிழில், அதாவது நாட்டு வைத்தியத்திலோ வழக்கிலோ சொல் இருக்கிறதா என்று பார்ப்பது. அங்கே இல்லாவிட்டால் சமஸ்கிருதம். அதுவும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே எடுத்துத் தமிழ் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது. கடைசி வழிக்கு நல்ல உதாரணம் 1875இல் வெளிவந்த இரசாயன நூல். அதன் பெயர் ‘கெமிஸ்தம்’. கெமிஸ்ட்ரியின் வாலை வெட்டி ‘அம்’ என்று ஒரு தமிழ் வாலை ஒட்டியிருக்கிறார்கள். இனி அது கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தில், கெமிஸ்தத்தால் என்று எந்த வேற்றுமைக்கும் வளையும். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு தைரியம் தெரிகிறது. சொல் கடன்தான், ஆனால் வந்த பிறகு இந்த வீட்டின் சட்டப்படி நட என்கிற தைரியம்.

இந்த மூன்றாவது வழி எங்களுக்குத் தெரியாததல்ல. வன்னியில் வாழ்ந்தவர்கள் எந்தக் கலைச்சொல் குழுவையும் கேட்காமல் அதைச் செய்தார்கள். கிபிர், பங்கர், செல், பரா லைற் எல்லாம் அப்படி வந்தவை. இஸ்ரேலிய விமானத்தின் பெயர் ‘கிபிர் வருது’ என்று குழந்தைகளின் வாயில் தமிழ் வசனமாகிவிட்டது. உடம்புக்குள் போன எறிகணைச் சிதறலுக்கு ஆங்கிலத்தில் ஒரு நீளமான சொல் உண்டு. அதை யாரும் எடுக்கவில்லை. சனங்கள் எடுத்தது ‘பீஸ்’. தலையில் பீஸ் இருக்கு, முதுகில் பீஸ் இருக்கு என்றால் விளக்கம் தேவையில்லை.

இங்கே கிறீனை விட்டுக் கொஞ்சம் விலகவேண்டும். சில வருடங்களுக்கு முன் காயமடைந்தவர்கள் பற்றிய ஒரு செய்திக்கட்டுரைக்காக முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் பீஸ் உள்ள ஓர் அக்கா தன் கிளினிக் கொப்பியை எடுத்து வந்து காட்டினார். எக்ஸ்ரே அறிக்கையில், உலோகத்தாலான ‘ஃபொறின் பொடி’ இருப்பதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த இரண்டு சொல்லையும் யாரோ அவருக்கு எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். ஃபொறின் என்றால் வெளிநாடு. ஆகவே அது வெளிநாட்டுக்குப் போய்த்தான் எடுக்கவேண்டிய சாமான் என்று அவர் விளங்கிக்கொண்டிருந்தார். நான்கு வருடம் அப்படியே விட்டிருந்தார். கனடாவில் இருக்கும் தம்பியிடம் ஸ்பொன்சர் பற்றிக் கேட்டும் இருந்தார். வெளியிலிருந்து உடலுக்குள் புகுந்த பொருள், அவ்வளவுதான் அர்த்தம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியென்றால் பீஸ் என்றே எழுதியிருக்கலாமே என்று கேட்டார்.

எழுதிய டொக்டரில் பெரிய பிழை சொல்வதற்கில்லை. அவர் அந்த மொழியில்தான் படித்தார், அந்த மொழியில்தான் அடுத்த டொக்டருக்குத் தகவல் போகவேண்டும். ஆனால் நோயாளி கையில் கொண்டு திரியும் கொப்பி நோயாளிக்கு எழுதப்பட்டதல்ல என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது. கிறீனின் நூல்களைத் தேடி வாசிக்கத் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

கிறீன் 1850களின் கடைசியில் அமெரிக்கா திரும்பி, சில வருடம் அங்கே இருந்து, 1862இல் மாகரெட் வில்லியம்ஸை மணமுடித்துக்கொண்டு மீண்டும் மானிப்பாய் வந்தார். போவதற்கு முன்பே பிரசவம் பற்றிய ஒரு டப்ளின் நூல் ‘பிரசவ வைத்தியம்’ என்று தமிழில் வந்திருந்தது. இரண்டாம் வருகையில் அவர் தீர்மானமாக இருந்தார். 1864 முதல் மருத்துவ வகுப்பே தமிழில் நடந்தது. பாடம் தமிழில், பரீட்சை தமிழில். படிப்பிப்பதற்குப் புத்தகம் வேண்டும். புத்தகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1867இல் ட்ருயிற்றின் சத்திரசிகிச்சை நூல் ‘இரண வைத்தியம்’ ஆனது. 1872இல் ஹூப்பரின் மருத்துவக் கையேடு ‘வைத்தியாகரம்’ ஆனது. மூலத்தின் லத்தீன் பெயருக்கு ‘என்னோடு வா’ என்று பொருள், சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் புத்தகம் என்பதற்காக. தமிழில் ஆகரம் என்பது சுரங்கம், இருப்பிடம். வைத்தியத்தின் சுரங்கம் என்று வைத்தார்கள். பெயருக்குள் ஒளிந்திருந்த கூட்டாளி போய்விட்டான், ஆனால் தலைப்பு நிமிர்ந்து நிற்கிறது.

அதே 1872இல்தான் ‘மனுஷ அங்காதிபாதம்’ வந்தது. இது ஹென்றி கிறேயின் அனற்றமி. இன்றுவரை உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் தூக்கிச் சுமக்கிற அதே கிறேஸ் அனற்றமி. லண்டனில் அதன் முதற்பதிப்பு வந்தது 1858இல். கிறே 1861இல் பெரியம்மையால் இறந்துபோனார், வயது 40ஐத் தொடவில்லை. அவர் எழுதிய புத்தகம் வெளிவந்து 14 வருடத்தில் யாழ்ப்பாணத்தில் தமிழில் கிடைத்தது. இந்தக் கணக்கை நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

இரண வைத்தியம் என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கவேண்டும். ஆங்கிலத்தில் சேர்ஜரி என்பது கிரேக்கத்தில் கைவேலை என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. அதாவது வைத்தியன் தன் கையால் செய்வது. தமிழ்நாட்டில் இப்போது அறுவை சிகிச்சை என்கிறார்கள்; அது வெட்டைப் பார்க்கிறது. நாங்கள் சத்திரசிகிச்சை என்கிறோம்; அது கத்தியைப் பார்க்கிறது. இரணம் என்றால் புண், காயம். கிறீனின் சொல் வைத்தியனின் கையையும் பார்க்கவில்லை, கத்தியையும் பார்க்கவில்லை, காயப்பட்டவனைப் பார்க்கிறது. இப்படியெல்லாம் யோசித்துத்தான் வைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. நாட்டு வைத்தியத்தில் இருந்த சொல்லை எடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் இத்தனை காயம் கண்ட சமூகத்துக்கு அந்தச் சொல் இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது.

இதையெல்லாம் கிறீன் தனியே செய்யவில்லை. அவருடைய மாணவர்களும் தமிழ் அறிஞர்களும் கூட உட்கார்ந்தார்கள். டான்வர்த், சப்மன், போல் என்று மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்களைப் பார்த்து இவர்கள் அமெரிக்கர்கள் என்று நினைத்துவிடவேண்டாம். எல்லோரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். மிஷன் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, படிப்புச் செலவைக் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. தங்கள் பெயர் ஆங்கிலமாகிவிட்ட தமிழர்கள், உட்கார்ந்து ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தார்கள். வேடிக்கையா வேதனையா என்று தெரியவில்லை. பிற்கால நூல்களில் சுவாமிநாதர் என்பவரின் உழைப்பும் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல் வைத்த பட்டியல்களையும் இவர்கள் தனியாக அச்சிட்டார்கள். ஒரு புத்தகத்தில் ஒரு உறுப்புக்கு வைத்த பெயர் அடுத்த புத்தகத்தில் மாறிவிடாமல் இருக்க அது தேவை. இன்று பாடநூல்களில் அதே பொருளுக்கு இரண்டு மூன்று சொற்களைப் பார்த்துத் தலையைச் சொறிகிற பிள்ளைகளுக்கு இதன் அருமை புரியும்.

கிறீனைப் புனிதராக்கவேண்டிய அவசியம் இல்லை. அவர் வந்தது சமயம் பரப்ப. மருந்தோடு வேதமும் கொடுக்கப்பட்டது. வைத்தியத்தை அவர் அதற்கான வாசலாகத்தான் கண்டார். சைவத்தை அவர் மதித்ததாக எண்ண இடமில்லை. அவர் பிறந்த அதே 1822இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், அவர் மானிப்பாயில் இருந்த காலத்திலேயே மிஷனரிமாருக்கு எதிராகப் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எதிரெதிர் முகாம்தான். ஆனால் இருவருமே அச்சில் தமிழ் உரைநடையை நம்பினார்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தன் மாணவர்கள் கோட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, ஐரோப்பியரைப் போல வாழத் தொடங்குவதைக் கிறீன் விரும்பவில்லை. கிறிஸ்தவர்களாகட்டும், ஆனால் வேட்டியும் சால்வையும் ஊர்ச் சாப்பாடுமாகத் தமிழர்களாகவே இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். ஊராரைப் போல இருக்கிற வைத்தியனிடம்தான் ஊரார் வருவார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது.

அந்தக் கணக்கு எவ்வளவு அவசரமானது என்பதை வாந்திபேதி காட்டியது. 1866, 1867இல் யாழ்ப்பாணத்தை அது வாரிக்கொண்டு போனது. இன்றும் எங்கள் கிழவிமார் திட்டும்போது சொல்கிற ‘கோதாரி’ அந்த நோயின் நினைவுதான். வசையாகும் அளவுக்கு ஊரைத் தின்ற நோய். கிறீன் அதைப் பற்றிச் சனங்களுக்காகத் தமிழில் எழுதினார். அதற்கு வைத்த பெயர் அகராதியிலிருந்து வந்ததல்ல, ‘வாந்திபேதி’ என்றே வைத்தார். கண், காது, தோல், வாய் பேணுவது பற்றிய சிறு பிரசுரங்களும் இப்படியே எளிமையானவை. டொக்டருக்கு எழுதும்போது உற்பாலனம், வீட்டுக்கு எழுதும்போது பேணுகை. இரண்டு தமிழ் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இரண்டாவது தமிழைத்தான் அந்த அக்காவின் கொப்பியில் காணவில்லை.

மொத்தம் 60க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் படித்து வெளியேறினார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் படித்தவர்கள். யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபர் டைக் தொடங்கிய ஆஸ்பத்திரிக்கும் கிறீனின் மாணவர்கள் பயன்பட்டார்கள். அதுவே வளர்ந்து இன்றைய போதனா வைத்தியசாலை ஆனது.

பிறகு காற்று மாறியது. வன்னியில் பறங்கி நோயால் கிராமங்கள் ஆளரவமற்றுப் போவதை வடமாகாணத்தில் பணியாற்றிய டொக்டர் ஜேம்ஸ் லூஸ் 1860களின் கடைசியில் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். நாட்டில் மருத்துவர்கள் போதாது என்பது அரசாங்கத்துக்கு உறைக்க, 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. லூஸ்தான் முதல் அதிபர். வன்னியின் நோய் காரணமாகப் பிறந்த கல்லூரி. ஆனால் அங்கே மொழி ஆங்கிலம். அரசாங்கச் சான்றிதழ், அரசாங்க வேலை, அரசாங்க மொழி மூன்றும் ஒரே பக்கம் நின்றபோது மானிப்பாய்த் தமிழ் வகுப்பு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? உடல்நலம் குன்றிய கிறீன் 1873இல் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். மாணவர்கள் சில காலம் கொண்டு நடத்தினார்கள். பின்னர் நின்றுபோனது.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வகுப்பு இல்லை, மாணவர் இல்லை, மானிப்பாய் இல்லை. வூஸ்டரின் பனியில், தமிழ் பேசச் சுற்றவர ஆளில்லாத பண்ணைவீட்டில் உட்கார்ந்து தமிழ் எழுதிக்கொண்டிருந்தார். கைப்பிரதிகள் கப்பலில் போய் வந்தன. கெமிஸ்தம் அப்படித்தான் முடிந்தது. டால்டனின் உடற்றொழிலியல் நூல் ‘மனுஷ சுகரணம்’ என்று 1883இல் வந்தது. இந்திய மருந்துகளின் தொகுப்பான ‘இந்து பதார்த்த சாரம்’ 1884இல் வந்தது. அந்த நூலில் இந்து என்பது சமயத்தைக் குறிக்கவில்லை, இந்திய நாட்டைக் குறித்தது. இந்தப் பிற்கால நூல்கள் சில நாகர்கோவிலில் அச்சாகின. எல்லாம் சேர்த்தால் 4,000 பக்கங்களுக்கு மேல். அந்த 1884ஆம் ஆண்டு மே 28ஆம் திகதி கிறீன் வூஸ்டரில் காலமானார். தன் கல்லறைக் கல்லில் தன்னைத் தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்றே பொறிக்கச் செய்தார். அவர் உயிரோடு இருந்த 61 வருடத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தது 20 வருடம் அளவில்தான்.

அவருடைய சொற்களுக்கு என்ன நடந்தது? பெரும்பாலானவை வழக்கொழிந்துவிட்டன. அங்காதிபாதம் உடற்கூற்றியலாகிவிட்டது, சுகரணம் உடற்றொழிலியலாகிவிட்டது, கெமிஸ்தம் இரசாயனவியலுக்கு இடம் விட்டது. நல்லதுதான். புரியாத ஆங்கிலத்துக்குப் புரியாத சமஸ்கிருதம் வைத்த இடங்கள் அவரிடம் பல உண்டு, அவற்றை இழந்ததில் எனக்குக் கவலையில்லை. ஆனால் வழிமுறை தங்கிவிட்டது. எங்கள் பாடநூல்களில் இருதயத்திலிருந்து போகிற குழாய் நாடி, திரும்பி வருகிறது நாளம். நாடி பிடித்துப் பார்க்கிற பரிகாரியின் சொல் அது. தமிழ்நாட்டில் தமனி, சிரை. ஒட்சிசன், காபன் என்று நாங்கள் எழுதுவதும் கெமிஸ்தத்தின் கொள்கைதான்: வா, ஆனால் தமிழெழுத்தின் ஓசைக்கு அடங்கி வா. சுதேச மொழியில் கல்வி வந்த பிறகு எங்கள் பிள்ளைகள் உயர்தரம் வரை ஒளித்தொகுப்பு, இழைமணி என்று உயிரியலைத் தமிழில் படிக்கிறார்கள். அதன் பிறகு, 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்கே போனாலும், மறுநாள் எல்லாம் ஆங்கிலமாகிவிடுகிறது. நோயாளியோடு பேசும் தமிழை அவர்கள் வார்ட்டில் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்ளவேண்டும். சிலர் அழகாகக் கண்டுபிடிக்கிறார்கள். போர்க்காலத்தில் மனநல மருத்துவர்களும் உளவள ஆலோசகர்களும் மனவடு, நெருக்கீடு என்று சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று முள்ளிவாய்க்காலில் பிள்ளையை விட்டுவந்த ஒரு தாய் தனக்கு மனவடு இருக்கிறது என்று தானே சொல்கிறார். கிரேக்கத்தில் ட்ரோமா என்றால் காயம். வடு என்பது காயம் ஆறிய பிறகு நிற்கும் அடையாளம். ஆறாததற்கு வடு என்று பெயர் வைத்தது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் அந்தத் தாய்க்குச் சொல்லிக்கொள்ள ஒரு சொல் கிடைத்திருக்கிறது.

1967இல் கவிஞர் அம்பி ‘கிறீனின் அடிச்சுவடு’ என்ற நூலை எழுதாமல் விட்டிருந்தால் இந்த மனிதரை நாங்கள் ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகையோடு முடித்திருப்போம். கிறீனின் நூல்களில் சிலவற்றின் மின்பிரதிகளை இப்போது இணையத்தில் திறந்து பார்க்கலாம். மனுஷ அங்காதிபாதத்தை நான் அப்படித்தான் வாசித்தேன். சந்தி பிரிக்காத நீண்ட சொற்கள், மங்கிய அச்சு; ஒரு பக்கம் தாண்டுவதற்குள் எனக்கு அரை மணித்தியாலம் போய்விட்டது. பக்கத்தில் இருந்த உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவள் சித்த மருத்துவம் படிக்கிறாள். நான் தடக்கி நின்ற சொற்களில் பாதியை அவள் சாதாரணமாக வாசித்துக்கொண்டு போனாள். எலும்புகள் பற்றிய பகுதியைத் தனக்கு அனுப்பிவிடச் சொன்னாள், பரீட்சைக்கு உதவுமாம்.